அனந்து மாமாவின் குடையும் என் மேட்ச் பாயிண்டும்

டென்னிஸ் ஆடி ஜெயிப்பதுகூடப் பெரிய காரியமில்லை, அதை ஒரு வேலை என்று வீட்டாரை நம்ப வைப்பதில்தான் மூச்சு வாங்கும்.

படம் வரைகிறவர்கள், மிருதங்கம் வாசிக்கிறவர்கள், யூடியூபில் சமைக்கிறவர்கள், இன்னும் யாரெல்லாம் கல்யாணப் பந்தியில் "அதெல்லாம் சரி, வேலைன்னு ஒண்ணு?" என்ற கேள்வியைப் பாயசத்தோடு சேர்த்து விழுங்கியிருக்கிறீர்களோ, நீங்கள் எல்லாரும் என் கட்சி. என் பெயர் கோமதி. திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்துப் பெண். மாநில மகளிர் போட்டியில் வருஷம் தவறாமல் பைனலுக்குப் போய், வருஷம் தவறாமல் இரண்டாவதாக வருகிறவள் என்பதுதான் ரொம்ப நாள் எனக்கு இருந்த ஒரே பட்டம். நம் கஷ்டம் நமக்குத்தானே தெரியும். கேளுங்கள்.

பொண்ணு என்ன பண்றா?

இந்தக் கேள்விக்கு அம்மா ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். "ஸ்போர்ட்ஸ்ல இருக்கா" என்பாள். அதைச் சொல்லும் குரல் மட்டும் "ஆஸ்பத்திரியில இருக்கா" என்று சொல்வது போல இருக்கும். கேட்டவர்களும் மேலே ஒன்றும் கேட்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறார். அம்மா ஒன்று சொன்னால் அவருக்கு வேறு அபிப்பிராயம் கிடையாது.

ஒரு கல்யாணத்தில் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அத்திம்பேர் ஒருவர் லேசில் விடவில்லை. என்ன விளையாட்டு, எங்கே ஆடுகிறாள், யாரோடு ஆடுகிறாள் என்று அக்கறையாக விசாரித்தார். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. சர்வீஸ், வாலி என்று இலையில் அப்பளத்தை வைத்தே விளக்கினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டு, சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அவர் சொன்னார்: "பேஷ், நன்னா ஆடட்டும். ஆபீஸ்லேர்ந்து வந்தப்புறம்தானே?"

சுவருக்கு அந்தப் பக்கம்

டென்னிஸ் கிளப்பில் மெம்பர் அல்லாத எங்களுக்குக் கோர்ட் கிடைப்பது விடியற்காலையில் கொஞ்ச நேரம். மெம்பர்கள் வெள்ளை உடுப்போடு வர ஆரம்பித்துவிட்டால் நாம் ஓரம். மீதி ஆட்டமெல்லாம் எனக்கு எங்கள் கொல்லைச் சுவரோடுதான். அது என்னிடம் ஒருநாளும் தோற்றதில்லை என்பது வேறு விஷயம்.

அக்ரகாரத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியவை. எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அனந்து மாமாவின் பின்கட்டு. மாமா ட்ரெஷரி ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். பந்து இந்தப் பக்கம் பட்டால் அந்தப் பக்கம் அவருடைய சாய்வு நாற்காலிக்குப் பின்னால் டொக்கென்று கேட்கும். பாவம், அவர் சண்டைக்கு வரவில்லை. தூக்கம் வந்தாலோ, ஜபத்துக்கு உட்கார்ந்தாலோ, தன் நீளக் குடையின் மரப்பிடியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். நிறுத்து என்று அர்த்தம்.

அதற்கு அம்மா போட்ட சட்டம் ரொம்பக் கடுமை. மாமா தட்டிவிட்டால் பந்து காற்றில் வந்துகொண்டிருந்தாலும் சரி, கையால் பிடித்து நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு அடி கேட்டாலும் "அந்தச் சல்லடை பரணுக்குப் போயிடும்". என் ராக்கெட்டுக்கு எங்கள் வீட்டில் பெயர் சல்லடை. பாவாடை கட்டிய காலத்திலிருந்து இந்தச் சட்டத்தில் வளர்ந்ததால், டொக் டொக் என்று கேட்டால் என் வலது கை தானாகக் கீழே இறங்கும், இடது கை தானாகப் பந்தைப் பிடிக்கும். யோசிக்கவே வேண்டாம்.

மாமா வாழ்க்கையில் ஒரு டென்னிஸ் மேட்ச் பார்த்ததில்லை. ஆனாலும் ஒருநாள் கோவில் வாசலில் என்னை நிறுத்தி, "நேத்திக்கு என்ன, டொக் டொக்குனு வந்துண்டிருந்தது, நடு நடுவுல டப்புனு ஆயிடுத்தே?" என்று கேட்டார். நான் வாயைப் பிளந்துவிட்டேன். அன்றைக்கு என் பாக்ஹேண்ட் படு மோசம். அதை விளக்க ஆரம்பித்தேன். மாமா கையை உயர்த்தித் தடுத்தார். "பேரெல்லாம் எனக்கெதுக்கு? டொக்குனு வந்தா தூங்கிடறேன், டப்புனு வந்தா முழிச்சுண்டுடறேன், அவ்வளவுதான் கேட்டோ."

யார் ஆத்து முற்றம்?

எங்கள் ஊரில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. காலையில் வெயில் கொளுத்தும். மத்தியானம் டாஸ் போட்டு முடிப்பதற்குள் வானம் இறங்கிவிடும். மழை விட்டதும் ஆட்டக்காரர்களே நீளக் கம்பு வைத்த வைப்பரை எடுத்துக்கொண்டு கோர்ட்டில் இறங்கித் தண்ணீரைத் தள்ள வேண்டும். எதிராளி அந்தப் பக்கம் தள்ளுவாள், நான் இந்தப் பக்கம் தள்ளுவேன். சில நாள் மேட்சைவிட இதில்தான் அதிகம் வியர்க்கும்.

அப்படி ஒரு நாள், நான் குடையை மறந்துவிட்டுப் போனேன் என்று அம்மா குடையும் தோசைப் பொட்டலமுமாகக் கிளப்புக்கு வந்து நின்றாள். அம்மா என் கோர்ட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவள் பார்த்த காட்சியில் பந்தும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. நான் முட்டியை மடக்கிக்கொண்டு கோர்ட்டின் மூலையை ஸ்பாஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கம்பிவேலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஆத்து முற்றத்தைத் தொடைக்கச் சொன்னா முட்டி வலிக்கறதும்பே. இது யார் ஆத்து முற்றம்டி?"

எதிராளியின் பாசம்

என்னை வருஷா வருஷம் பைனலில் ஜெயித்தவள் கோட்டயத்து ரீனா. என்னைவிட ஒரு தலை உயரம். சர்வீஸ் போட்டால் பந்து தென்னை மரத்திலிருந்து விழுவது போல வரும். ஆனால் கோர்ட்டுக்கு வெளியே அவளைப் போல நல்லவள் கிடையாது. ஜெயித்த கையோடு அவளுடைய அம்மா செய்த அச்சப்பம், அதாவது நம் அச்சு முறுக்கு, ஒரு டின்னை என் பையில் திணித்துவிடுவாள். தோற்றவளுக்கு அச்சப்பம் என்ன ருசிக்கவா போகிறது என்று நினைப்பீர்கள். ருசிக்கத்தான் செய்தது.

எனக்காகத் தமிழ் பேசுவாள், அதில் பாதி மலையாளம். திருச்சூரில் என்னை மூன்றாவது செட்டில் தோற்கடித்துவிட்டு, வலைக்கு மேலே கையை நீட்டி, மனசார இப்படிச் சொன்னாள்: "கோமதீ, அடுத்த வருஷமும் நீயே வா கேட்டோ. வேற ஆளு வந்தா எனக்கு பயமாணு."

கழக்கூட்டத்து பாக்ஹேண்ட்

ஜெயிக்கிறோமோ இல்லையோ, பந்தும் ராக்கெட் நரம்பும் வாங்கியாக வேண்டுமே. அதற்காகக் கழக்கூட்டத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐ.டி.காரர்களுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் செல்வகுமார் என்று ஒரு திருநெல்வேலிக்காரர். பெரிய ப்ராஜெக்ட் மேனேஜர், தங்கமான மனிதர். காதில் எப்போதும் இயர்போன் இருக்கும். மீட்டிங்கும் ஆட்டமும் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு ராலியின் நடுவில் "நோ, நோ, இது ஆகாது" என்று கத்துவார். என் அடியைச் சொல்கிறாரா, அமெரிக்காக்காரனைச் சொல்கிறாரா என்று தெரியாமல் நான் நிற்பேன்.

முதல் வாரமே அவர் அடித்த பந்துகள் மூன்றாம் மாடி பால்கனியில் காயப்போட்ட வடகத்தில் போய் விழுந்தன. அதற்காக அவர் மனம் தளரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனில் காலண்டரைத் திறந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள பாக்ஹேண்ட முடிச்சிரலாமா மேடம்? சர்வீஸ அடுத்த ஸ்பிரிண்ட்ல வச்சுக்கிடுவோம்."

அம்மா வைத்த கெடு

அந்தச் செல்வகுமார்தான், நல்லது செய்கிறோம் என்று நினைத்து, என் வாழ்க்கையில் குண்டைத் தூக்கிப் போட்டார். கோவிலுக்கு வந்தவர் அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்து காபி குடித்தார். "கழக்கூட்டத்துல எங்க கம்பெனியில ஆள் எடுக்காங்கம்மா. உங்க பொண்ணு டிகிரி முடிச்சிருக்காங்கல்லா, நான் சொன்னா எடுத்துக்கிடுவாங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அன்றைக்கு அவருக்கு இரண்டாவது டம்ளர் காபியும் கொடுத்தாள்.

நண்பர்களே, இந்த இடத்தில் மட்டும் கேலி இல்லாமல் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. பந்து நரம்புக்கு நட்டநடுவில் படும்போது கையில் ஒரு சுகம் தெரியும். அதை விட்டுவிட்டு எதில் போய் உட்கார்ந்தாலும் நான் பாதி ஆளாகத்தான் இருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதை அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுதுவிட்டேன். அம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை, ஆனால் கணக்கானவள். வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே தீர்ப்பைச் சொன்னாள்: "இந்த வருஷப் போட்டி நம்ம ஊர்லதாங்கறே. ஜெயிச்சா ஆடிண்டே இரு, ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். தோத்தா சல்லடை பரணுக்கு, நீ கழக்கூட்டத்துக்கு."

தெரு திரண்டு வந்த பைனல்

வழக்கம் போல பைனலுக்கு வந்தேன். வழக்கம் போல அந்தப் பக்கம் ரீனா. வழக்கத்துக்கு மாறாக, ஒரு வேனில் எங்கள் தெருவே வந்து இறங்கியது. அம்மா வந்தாள், அனந்து மாமா நீளக் குடையோடு வந்தார், மாமிகள் ஒரு தூக்குப் புளியோதரையோடு வந்தார்கள். கிளப்பின் மரப் பெஞ்சுகளில் கச்சேரிக்கு உட்காருவது போல வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

ரீனா சர்வீஸைத் தப்பாகப் போட்டால் கைதட்டல். பந்து வலையில் விழுந்தால் கைதட்டல். நான் தண்ணீர் குடித்தாலும் கைதட்டல். நடுவர் உயர நாற்காலியில் இருந்து இரண்டு முறை கெஞ்சினார், ராலியின் நடுவில் சத்தம் கூடாது என்று. ஒரு மாமிக்குக் கோபமே வந்துவிட்டது: "குழந்தை நன்னா ஆடறச்சே தட்டப்படாதுன்னா பின்னே எப்போ தட்டறது?"

இந்த அமர்க்களத்தில் அனந்து மாமா மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முதல் செட்டைத் தோற்று, இரண்டாவதை எடுத்தபோதும் அப்படியே இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அம்மா அவரை உசுப்பினாளாம். மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னதை அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்: "கண்ணைத் திறந்தா ஒண்ணும் புரியமாட்டேங்கறது ஜானகி. மூடிண்டா நம்மாத்துக் கொல்லை மாதிரி இருக்கு."

டொக் டொக்

மூன்றாவது செட். ஐந்துக்கு நாலு என்று நான் முன்னால் இருக்கிறேன். அட்வான்டேஜும் என் பக்கம். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட், பட்டம் எனக்கு, கழக்கூட்டம் இல்லை. வேனில் வந்த மாமிகள்கூட மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

ராலி நீண்டது. ரீனாவை ஒரு மூலைக்கு ஓட விட்டேன். அவள் எட்டித் தொட்ட பந்து, குழந்தைக்குப் போடுகிற பந்து மாதிரி, மெதுவாக என் முன்னால் வந்தது. எதிர்ப்பக்கம் முழுக்கக் காலி. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் உள்ளே விழும். கையை ஓங்கினேன். அந்த நேரம் பார்த்து அனந்து மாமாவுக்கு முன் பெஞ்சில் இருந்த ஒருவருடைய போன் அடித்திருக்கிறது. அவர் எடுத்து "ஹலோ, ஹலோ" என்று பேச ஆரம்பித்திருக்கிறார். கண்ணை மூடி ஆட்டத்தில் லயித்திருந்த மாமாவுக்கு அது தாங்கவில்லை. வேண்டாத சத்தத்தை நிறுத்த ஆயுள் முழுக்க என்ன செய்தாரோ அதையே செய்தார். குடைப்பிடியால் பெஞ்சில் இரண்டு தட்டு.

என் வலது கை கீழே இறங்கியது. இடது கை பந்தைப் பிடித்தது. அவ்வளவுதான்.

நடுவர் என்னைப் பார்த்தார், நான் கையிலிருந்த பந்தைப் பார்த்தேன். காலரியில் தட்டினதற்கெல்லாம் பாயிண்டைத் திரும்ப ஆட முடியாது, பாயிண்ட் ரீனாவுக்கு என்று அவர் வருத்தமாகச் சொன்னார். அதன் பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த தட்டு எப்போது வரும் என்று காது மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. ஏழுக்கு ஐந்து என்று தோற்றேன். வலைக்குப் பக்கத்தில் ரீனா கையைக் கொடுத்துவிட்டு, நிஜமாகவே விளங்காமல் கேட்டாள்: "அந்தப் பந்தை நீ எதுக்குப் பிடிச்சே கோமதீ? ஞான் தோத்தாச்சுன்னு நினைச்சு உனக்குக் கை குடுக்க நடந்து வந்துட்டேன்."

பரணுக்குப் போன சல்லடை

புளியோதரைத் தூக்கு திறக்கப்படாமலே வீடு திரும்பியது. நான் யாரும் சொல்லாமலே ஏணியைப் போட்டு ராக்கெட்டைப் பரணில் வைத்தேன். இறங்கி வந்து ஏணிக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அனந்து மாமா வாசலில் வந்து நின்றார். குடையை இரண்டு கையாலும் நீட்டி, "இதை ஒடைச்சு அடுப்புல போட்டுடு ஜானகி" என்றார். அம்மா குடையை வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தப் பந்தை அடிச்சிருந்தா ஜெயிச்சிருப்பியோ?"

"ஜெயிச்சிருப்பேன்."

"தட்டினா நிறுத்தணும்னு உனக்குச் சொன்னது யாரு?"

"நீதான்."

அம்மா குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வழக்கை மனசுக்குள் நடத்திக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு குடையை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ தோத்தது நானும் மாமாவும். இவ எதுக்குக் கழக்கூட்டம் போகணும்? சல்லடையை இறக்குடி."

நிஜத் தட்டு

கற்றுக்கொள்வதைவிட மறப்பது கஷ்டம் என்று அந்த வருஷம்தான் தெரிந்தது. தினமும் நான் கொல்லையில் ஆடும்போது அம்மா சமையலறைக் கதவில் கரண்டியால் டொக் டொக் என்று தட்டுவாள். நான் நிறுத்தக் கூடாது. முதல் மாதம் முழுக்கப் பந்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். "பிடிக்காதேடி!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். குழம்பு ஒருபக்கம் கொதிக்கும், கதவு ஒருபக்கம் அதிரும். மாமா இப்போது ஜபத்துக்கு உட்கார வேண்டுமென்றால் வாசல் வழியாகச் சுற்றி வந்து, "கொஞ்சம் நிறுத்தலாமோ?" என்று வாயால் கேட்டுவிட்டுப் போவார். கடைசியில் ஒருநாள் அம்மா கதவு பெயர்ந்து வரும்படி தட்டினாள். நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பாயசம்.

அடுத்த பைனல் ரீனாவின் ஊரான கோட்டயத்தில். அம்மாவும் மாமாவும் ரயிலேறி வந்தார்கள். கோட்டயத்து மழைக்குக் குடை இல்லாமல் முடியாது, அதனால் குடையும் வந்தது. ஆனால் அம்மா அதைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் மாமா, வழக்கம் போலக் கண்ணை மூடி, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுபடி மூன்றாவது செட். போன வருஷத்து வினை வரக் கூடாது என்று நான் ஸ்கோரைக்கூடக் காதில் வாங்கவில்லை, பந்தை மட்டும் பார்த்தேன். சர்வீஸ் போட்டேன். ரீனா அடித்தது வலையில் போய் விழுந்தது. ஒரே இரைச்சல். நான் திரும்பிப் பின்கோட்டுக்கு நடந்து, அடுத்த சர்வீஸுக்குப் பந்தைத் தரையில் தட்ட ஆரம்பித்தேன். பெஞ்சில் டொக் டொக் என்று கேட்டது. நான் திரும்பவில்லை. எத்தனை கரண்டித் தட்டுக் கேட்ட காது இது. மறுபடியும் டொக் டொக், இன்னும் பலமாக. நான் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். வலைக்குப் பக்கத்தில் ரீனா கையை நீட்டியபடி சிரித்துக்கொண்டு நிற்கிறாள், எனக்கு அதுவும் புரியவில்லை. அப்போது காலரியில் அம்மா எழுந்து நின்றாள். கையில் மாமாவின் குடை. முகமெல்லாம் கண்ணீர். கோட்டயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "நிறுத்துடி கோமதீ! ஜெயிச்சாச்சுடி! இது நிஜத் தட்டு!"

ஆகவே தோழர்களே, மாநில சாம்பியன் ஆவது எப்படி என்று என்னை யாராவது கேட்டால், பாக்ஹேண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டு மாமாவின் குடை யார் மடியில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.